ஒரே பாட்டு, நாலு தடவை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து இந்த ஹாலில் ஓடிக்கொண்டிருந்ததே பாட்டு, அது எங்கள் செட் ஆட்கள் ஸ்பாட்டிஃபையில் சேர்ந்து போட்ட பொதுப் பட்டியல். யார் வேண்டுமானாலும் பாட்டு சேர்க்கலாம். சேர்த்தார்கள். ஒரே பாட்டை நாலு பேர் சேர்த்தார்கள்! "நீ இன்ஜினியர்தானே, டூப்ளிகேட்டை எல்லாம் தூக்கிடுடா" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் பாட்டு என்றால் ஃபைல். பென் டிரைவில் ரூம் ரூமாகப் போகும். இரண்டு ஃபைல் பைட்டுக்கு பைட் ஒன்றுதானா என்று பார்க்க எம்.டி.5 போதும். ஒன்றை அழித்தால் டிஸ்கில் இடம் மிச்சம். ஸ்ட்ரீமிங் பட்டியலில் பாட்டே கிடையாது, பாட்டின் முகவரிதான் இருக்கிறது. அழித்தாலும் இடம் மிச்சமாகாது. ஆனால் மூன்று இடத்தில் இருக்கிற பாட்டு, பட்டியல் ஒரு சுற்று முடிவதற்குள் மூன்று தடவை வரும். பாவம், ஒரே ஒரு பாட்டு சேர்த்தவனுடைய முறை வருவதற்குள் காபி ஆறிப்போகும்.

சேர்க்கும்போதே "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று செயலி சொல்லுமே என்பீர்கள். சொல்லும், முகவரி ஒன்றாக இருந்தால். படத்தின் ஆல்பத்தில் ஒரு முகவரி, ஏதோ ஒரு 'ஹிட்ஸ்' தொகுப்பில் அதே பாட்டுக்கு வேறு முகவரி. அது கண்ணில் படாது. பெயரை வைத்துப் பிடிக்கலாம் என்றால், நம் பாட்டுப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் படுகிற பாடு தெரியுமே! இளையராஜா பெயரையே ஒரு இடத்தில் இரட்டை 'ஏ' போட்டு எழுதுவார்கள், இன்னொரு இடத்தில் ஒற்றை 'ஏ'. தொகுப்பில் வந்தால் பாட்டுப் பெயருக்குப் பின்னால் படத்தின் பெயரையும் ஒட்டிவிடுவார்கள்.

அதைவிட ஆபத்து, பெயர் ஒன்றாக இருந்து பாட்டு வேறாக இருப்பது. 1995-இல் வந்த 'இந்திரா' படத்தின் 'நிலா காய்கிறது' நினைவிருக்கிறதா? ஏ.ஆர். ரகுமான் இசை. ஹரிணி பாடியது ஒன்று, ஹரிஹரன் பாடியது ஒன்று. பெயரை மட்டும் பார்த்து வெட்டுகிற கருவி இதில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடும். எதைத் தூக்கியது என்று உங்களிடம் சொல்லவும் சொல்லாது.

இதற்கு உருப்படியான அடையாளம் ஐ.எஸ்.ஆர்.சி. என்கிற பன்னாட்டு ஒலிப்பதிவுக் குறியீடு. மொத்தம் 12 எழுத்துகளும் எண்களும். முதல் 5 கோடு ஒதுக்கியவருக்கு, அடுத்த 2 ஆண்டுக்கு, கடைசி 5 வரிசை எண். அந்த ஆண்டு கோடு கொடுத்த ஆண்டு, பாடிய ஆண்டு அல்ல. 1970-களின் பாட்டில் 2000-க்குப் பிந்தைய ஆண்டைப் பார்த்து மிரள வேண்டாம். ஹரிணிக்கு ஒரு கோடு, ஹரிஹரனுக்கு வேறு கோடு, ஏனென்றால் அது பாட்டுக்கான கோடு அல்ல, ஒலிப்பதிவுக்கான கோடு. விதிப்படி ஒரே ஒலிப்பதிவு எந்தத் தொகுப்புக்குப் போனாலும் பழைய கோடுதான் தொடர வேண்டும். நடைமுறையில் புதுக் கோடு போட்டுவிடுவதும் உண்டு. ஆகவே கோடு ஒன்றானால் பதிவு ஒன்று என்று நம்பலாம். கோடு வேறானால் ஒன்றும் சொல்ல முடியாது.

பட்டியலை எக்ஸெல் தாளாக இறக்கித் தருகிற இலவசக் கருவிகள் இருக்கின்றன. இறக்கி, முதலில் கோடு வாரியாக அடுக்கினேன். மிச்சத்தில், நீளம் 2 வினாடிக்குள் ஒத்துப்போகிறவற்றை ஜோடி சேர்த்தேன். அதற்கு மேல் காதுதான், வேறு வழியில்லை. ரீமாஸ்டர் என்று போட்டிருந்தால் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டே ஆக வேண்டும். எனக்குப் பெரும்பாலும் பழையதுதான் பிடித்தது, அது என் வயசுக் கோளாறாகவும் இருக்கலாம்.

எதை வைத்துக்கொள்வது? படத்தின் ஆல்பத்தில் உள்ளதை. தொகுப்புகள் வரும், போகும், உரிமை முடிந்தால் பாட்டு சாம்பல் நிறமாகி நின்றுவிடும்.

தம்பிகளே, இங்கேதான் கவனிக்க வேண்டும். சில கருவிகள் எல்லாப் பிரதியையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் மறுபடி சேர்க்கும். பாட்டு பத்திரமாக இருக்கும், ஆனால் யார் சேர்த்தது, எப்போது சேர்த்தது என்பது போய்விடும். எல்லாமே நேற்று நான் சேர்த்ததாகக் காட்டும். தனி ஆள் பட்டியலில் அது பெரிய விஷயமில்லை. பொதுப் பட்டியலில் நாலு பேர் ஒரே பாட்டைச் சேர்த்தார்கள் என்றால் அது நாலு பேர் சொன்ன செய்தி, வெறும் குப்பை இல்லை. அதனால் கருவியை விட்டுவிட்டு, முதலில் சேர்த்தவர் பிரதியை அப்படியே வைத்து, மற்றதை ஒவ்வொன்றாகக் கையாலேயே எடுத்தேன். இரண்டு ராத்திரி போனது. எடுத்தவர்கள் பெயரைத் தனித் தாளில் பாட்டுக்கு நேரே எழுதிவைத்தேன்.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. இரண்டாம் வருஷச் சண்டைக்கப்புறம் ஒருவரோடு ஒருவர் பேசாமலே படித்து முடித்த இரண்டு பேர், ஒரே மாதத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே பாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு பேரும் இன்று வந்திருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்!

தாளின் நகல் வாசலில் பெயர்ப்பதிவு மேஜையில் இருக்கிறது. உங்கள் பாட்டோடு வேறு யார் பெயர் இருக்கிறது என்று சாப்பாட்டுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.