வாயிலில் காத்திருக்கும் தோழன்



பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் அருகில் உள்ள திருநீர்மலையை உங்களில் பலர் சேவித்திருப்பீர்கள். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாளும் மலையின்மேல் அரங்கநாதரும் எழுந்தருளியிருக்கும் தலம் அது. ஒரு காலத்தில் மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்து நின்றமையால், திருமங்கையாழ்வார் ஆறு மாத காலம் காத்திருந்து, நீர் வடிந்த பின்னரே பெருமாளைச் சேவித்தார் என்று தலவரலாறு கூறும். ஆழ்வார் காத்திருந்த அந்த ஊரில் இன்று வீட்டுக்கு வீடு வேறொரு ஜீவன் காத்திருக்கிறது. வயலும் ஏரியுமாக இருந்த சுற்றுப்புறம் மனைகளாக மாறிவிட்டது. புதுமனை புகுகிறவர், பால் காய்ச்சிய கையோடு காவலுக்கென்று ஒரு நாய்க்குட்டியையும் கொண்டுவந்து விடுகிறார். அந்தக் குட்டியின் நலத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நாயைப் பற்றி நம் முன்னோர் இரண்டு விதமாகப் பேசினார்கள். வசைச் சொல்லாகவும் அதன் பெயரை வழங்கினார்கள். நட்புக்கு உவமையாகவும் அதையே காட்டினார்கள். பல நாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் நாய் வாலை ஆட்டும். ஆகையால் நாய் போன்றவரின் நட்பையே நாடவேண்டும் என்பது நாலடியார் கூறும் கருத்து. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரன் ஒருவனோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியைக் கல்வெட்டு சொல்கிறது. அதே மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று திருநீர்மலைக்கு மிக அருகில், பல்லாவரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நாய்க்குப் பெயர் சூட்டி, கல்லும் நட்ட மரபு நம்முடையது. அப்படிப்பட்ட நாம் இன்று நாயை வளர்க்கிறோமா, அல்லது வைத்திருக்கிறோமா?

இதைக் கேட்கும் உரிமை எனக்கு வந்தது ஒரு தவற்றினால். எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. கொல்லையில் நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும். இரண்டு வேளைச் சோறு போட்டுவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணியிருந்தேன். தடுப்பூசியை, ‘அடுத்த மாதம் ஆகட்டும்’ என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு நாள் மாலை, பந்து எடுக்க வந்த அண்டைவீட்டுச் சிறுவனை மணி கடித்துவிட்டது. அந்தப் பையனின் தாயார் கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை, “ஊசி போட்டிருக்கிறீர்கள் அல்லவா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. உடனே காயத்தைக் கழுவிப் பையனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்; அன்றே அவனுக்கு ஊசி தொடங்கினார்கள். நாயைப் பத்து நாள் கண்காணிக்கும்படி சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் விடிந்தவுடன் கொல்லைக் கதவைத் திறந்து, மணி எழுந்து வாலை ஆட்டுகிறதா என்று பார்ப்பதே என் வேலையாயிற்று. தெய்வாதீனமாக அது நலமாகவே இருந்தது, பையனுக்கும் தீங்கில்லை. ஆனால் அந்தத் தாயாரின் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை.

ஆகையால் முதலில் தடுப்பூசியைச் சொல்கிறேன். வெறிநோயின் அறிகுறி மனிதனிடம் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பதோ எளிது. பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் தடுப்பு மருந்து செலுத்தியது 1885-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். நம் மாநிலத்துக் குன்னூரில் 1907-ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் நிரம்பும்போது வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் மருத்துவர் சொல்லும் முறைப்படி ஆண்டுதோறும் மறு ஊசியும் போடவேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய கொடிய நோய்களுக்குரிய ஊசிகளை ஆறு அல்லது எட்டு வார வயதிலேயே தொடங்கவேண்டும். குடற்புழு நீக்கும் மருந்தையும் மறக்கலாகாது. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகினால் வழி சொல்வார்கள். பெரிய நோய்க்கு, 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது.

எவரையேனும் நாய் கடித்துவிட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். தாமதமின்றி மருத்துவரிடம் சென்று, அவர் குறிக்கும் நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள்.

அடுத்தது உணவு. வெறும் மோர்ச்சாதத்தில் நாய் வயிறு நிரம்பும், உடல் தேறாது. சோற்றோடு வேகவைத்த முட்டையோ, எலும்பு நீக்கிய இறைச்சியோ சேரவேண்டும். சமைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. நம் தலைவலி மாத்திரையை அதற்குக் கொடுப்பது பெரும் பிழை. பாத்திரத்தில் எந்நேரமும் தூய நீர் இருக்கட்டும். விலாவெலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. இதுவே நல்ல உடலுக்கு அளவுகோல்.

நம் ஊர் வெயிலை நாய் நம்மைப்போல் தாங்குவதில்லை. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்கோ வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தில்தான். நாக்கை நீட்டி இரைத்துத்தான் அது வெப்பத்தைத் தணித்துக்கொள்ளவேண்டும். கத்திரி வெயிலில் தார்ச்சாலையில் உங்கள் புறங்கையைச் சற்று வைத்துப் பாருங்கள்; உங்களால் பொறுக்க முடியாவிடில் அதன் பாதமும் பொறுக்காது. விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் நடத்திச் செல்லுங்கள். நாய் மிகுதியாக இரைத்துத் தள்ளாடினால், நிழலில் கிடத்தி, சாதாரண நீரால் உடலை நனைத்து, விசிறியபடியே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பனிநாட்டு இனங்களைப் பகட்டுக்காக வாங்கி இங்கே வாட்டுவானேன்? ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று நம் மண்ணின் நாய்கள் இருக்கின்றன. ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005-இல் தபால்தலையே வெளியிட்டது. தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியும் அன்புக்குக் குறைந்ததன்று.

மழைக்காலத்துக்கு வேறு எச்சரிக்கை வேண்டும். தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். உண்ணிகளைக் காதிலும் விரலிடுக்கிலும் தேடிப் பாருங்கள். அவை கடுங்காய்ச்சலைத் தரும். அவற்றை ஒழிக்க மண்ணெண்ணெய் தடவுவது நாயையே நோயாளியாக்கும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகித் தாம்பரத்தைச் சுற்றிய பகுதிகள் மிதந்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளம் வரும்போது நாயை உடன் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு வழியே இல்லையெனில், சங்கிலியையாவது அவிழ்த்துவிடுங்கள். கட்டப்பட்ட ஜீவன் நீந்தியும் பிழைக்க முடியாது.

உடல் நலத்தோடு மன நலமும் உண்டு. ஓயாத சங்கிலி நாயைக் காவலனாக்குவதில்லை. அச்சம் கொண்டதாகவும் கடிப்பதாகவும் ஆக்குகிறது. நாள்தோறும் இருவேளை நடை, சிறிது விளையாட்டு, குட்டிப் பருவத்திலேயே மனிதரோடும் குழந்தைகளோடும் பழக்கம் ஆகிய இவையே அதற்கு மருந்து. அடித்துத் திருத்துவதினும், சொன்னதைச் செய்தவுடன் தட்டிக்கொடுப்பது விரைவில் பயன் தரும். தீபாவளி வெடிக்கு அஞ்சி ஓடி வழி தவறும் நாய்கள் பல. அன்று சன்னல்களை அடைத்து அருகில் இருங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். குட்டிகளை வளர்க்க இயலாதவர்கள் கருத்தடை செய்துவிடுவது நன்று. பிறந்த குட்டிகளைத் தெருவில் விடுவதைக் காட்டிலும் அதுவே கருணை.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு மணியின் சங்கிலியைக் கழற்றி, கொல்லையைச் சுற்றி வேலி அடைத்தேன். காலையில் மலையடிவாரம் வரை என்னுடன் நடந்து வரப் பழகிற்று. சில மாதங்களில் அது வேறு நாயாகிவிட்டது. உண்மையில் மாறியது நாயன்று, அதன் எசமானன். பின்னர் அதே சிறுவன் அதன் தலையைத் தடவ வந்தபோது, நான் பட்டையைப் பிடித்துக்கொண்டு அருகிலேயே நின்றேன். அவனுடைய தாயார் தம் வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இம்முறை அவர் கேட்குமுன், “ஊசி போட்டாயிற்று, அம்மா” என்று நானே சொன்னேன்.

கோவிவனுக்கு அன்று கல் நட்டார்கள். நம் வாயிலில் காத்திருக்கும் தோழனுக்குக் கல் வேண்டுவதில்லை. உரிய காலத்தில் ஓர் ஊசியும், ஒரு கிண்ணம் நீரும், நாளைக்கு அரைமணி நேரமும் போதும்.