முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

(கிளையின் ஆண்டு விழாவில், மாணவ மாணவியருக்குப் பரிசு வழங்குவதற்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது, "குழந்தைகளுக்கு ஏதாவது உற்சாகமா சொல்லுங்கோ மாமா. லட்சியம், தன்னம்பிக்கை, அந்த மாதிரி" என்றார். ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் 35 வருஷம் வங்கியில் வேலை பார்த்து, அதில் 11 வருஷம் ஊழியர் பயிற்சிக் கல்லூரியில் இதே விஷயத்தைப் பேசியே சம்பளம் வாங்கியவன் என்ற முறையில் ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உற்சாகமான பேச்சைக் கேட்டு யாருக்கும் தன்னம்பிக்கை வந்துவிடுவதில்லை. வந்தாலும் அன்று ராத்திரி வரை தாங்கும். மறுநாள் காலை கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் போய்விடும். ஆகவே இன்று குழந்தைகளைவிடப் பெற்றோர்களிடம்தான் அதிகம் பேசப் போகிறேன்.

என் அகத்து விஷயத்தோடு ஆரம்பிக்கிறேன். என் பிள்ளையின் அனுமதியோடுதான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன். வீட்டுக்கு யார் வந்தாலும் நான், "இவன் பிறவியிலேயே புத்திசாலி, படிக்கவே வேண்டாம்" என்று பெருமை அடித்துக்கொள்வேன். அவன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு சி.ஏ. சேர்ந்தான். இன்டர் முதல் முயற்சியில் தவறிவிட்டது. ஒவ்வொரு பேப்பரிலும் 40, மொத்தத்தில் 50 சதவிகிதம். இரண்டில் எது குறைந்தாலும் அந்த குரூப் போச்சு. அவனுக்கு ஒரு பேப்பரில் 40 வரவில்லை. இதில் அவமானம் ஒன்றுமில்லை. நம்மவர்களில் அகத்துக்கு ஒருவராவது அந்தப் படிக்கட்டில் தடுக்கி விழுந்தவர்கள்தானே. ஆனால் என்னிடம் அவன் சொன்னது, "அக்ரிகேட்ல ரெண்டு மார்க்ல போயிடுத்துப்பா" என்று. அடுத்த தடவை பரீட்சைக்குக் கிளம்பியவன், டிபன் டப்பாவோடு மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். இரண்டுமே பொய் என்று ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஏண்டா சொல்லலை?" என்று கேட்டேன். "நீ எல்லார்கிட்டயும் என்னைப் புத்திசாலின்னு சொல்லிண்டே இருந்தியேப்பா" என்றான்.

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. பல வருஷங்கள் கழித்து, வகுப்புக்காகப் படித்தபோது ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த கிளாடியா முல்லரும் காரல் ட்வெக்கும் 1998-ல் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, போட்டு முடித்ததும் ஒரு பகுதியினரிடம், நீ கெட்டிக்காரன் என்று சொன்னார்கள். இன்னொரு பகுதியினரிடம், நன்றாக முயற்சி செய்தாய் என்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம், ஒரே ஒரு வாக்கியம். பிறகு கஷ்டமான புதிர்களைக் கொடுத்துத் தோற்கவிட்டார்கள். கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். அடுத்துச் சுலபமானதைக் கொடுத்தபோதுகூட முன்பு வாங்கிய மதிப்பெண்ணை அவர்களால் எட்ட முடியவில்லை. கடைசியில், வேறு பள்ளிக்கூடத்துக் குழந்தைக்கு உன் மதிப்பெண்ணை எழுதி அனுப்பு என்றார்கள். கெட்டிக்காரர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டி எழுதினார்கள். முகம் தெரியாத குழந்தைக்கு! அதைப் படித்த அன்று என் கோபமெல்லாம் போய்விட்டது. என் பிள்ளை பொய்யன் இல்லை. தோல்வியை வைத்துக்கொள்ள இடமில்லாத ஒரு பட்டத்தை நான்தான் அவன் தலையில் கட்டியிருக்கிறேன்.

சரி, புகழ்ந்து நம்பிக்கை வராது என்றால் வேறு எப்படி வரும்? இதற்கு ஆயுள் முழுவதையும் செலவழித்தவர் ஆல்பர்ட் பந்துரா. கனடாவில் மண்டேர் என்ற சின்ன ஊரில் 1925-ல் பிறந்து, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்து, 2021-ல் 95-ஆவது வயதில் காலமானார். அவர் 1977-ல் எழுதிய கட்டுரையில் ஸெல்ஃப் எஃபிகஸி என்ற ஒன்றை விளக்கினார். நான் பெரியவன், நான் உயர்ந்தவன் என்று தன்னைப் பற்றி நினைப்பது அல்ல அது. இந்தக் குறிப்பிட்ட காரியத்தை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. கணக்கில் அது இருப்பவனுக்கு மேடையில் இல்லாமல் போகலாம். மேடையில் வெளுத்து வாங்குபவர் ஸ்கூட்டர் ஓட்டப் பயப்படலாம். நானே உதாரணம்.

அந்த நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் என்றார் பந்துரா. பிறர் வாயால் சொல்லும் தைரியம் ஒன்று. அதுதான் நம் அகங்களில் தாராளமாகக் கிடைப்பது, ஆனால் பலம் குறைந்தது. உடம்பு சொல்லும் சேதி இன்னொன்று. பரீட்சை ஹாலில் கை வியர்த்தால், இது பயம், நான் தொலைந்தேன் என்று ஒருவன் எடுத்துக்கொள்கிறான். உடம்பு தயாராகிறது என்று இன்னொருவன் எடுத்துக்கொள்கிறான்.

மூன்றாவது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. 'நம்மைப் போன்ற' என்பதுதான் இதில் முக்கியம். அமெரிக்காவில் தங்க மெடல் வாங்கிய அத்தை பிள்ளையைப் பற்றித் தினமும் சொன்னால் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்காது. அத்தை பிள்ளைமேல் வெறுப்புதான் பிறக்கும். இந்தச் சங்கத்தில் வருஷா வருஷம் ரேங்க் வாங்கியவர்களை மேடையேற்றுகிறோம், நல்லதுதான். நாலாவது முயற்சியில் தேறிய ஒருவரையும் ஏற்றிப் பேசச் சொல்லலாமே என்று நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பலமானது: தானே செய்து முடித்த அனுபவம். கடன் வாங்க முடியாத சொத்து இது. அப்பா கொடுக்க முடியாது, கோச்சிங் கிளாஸ் கொடுக்க முடியாது.

இங்கேதான் இலக்கு என்ற விஷயம் வந்து சேருகிறது. 1981-ல் பந்துராவும் டேல் ஷங்க்கும் கழித்தல் கணக்கில் மிகவும் பின்தங்கிய 40 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஏழிலிருந்து பத்து வயதுக்குள். பயிற்சிப் புத்தகம் 42 பக்கம், ஏழு அமர்வுகள். சிலரிடம், ஓர் அமர்வுக்கு ஆறு பக்கம் முடிப்பதை இலக்காக வைத்துக்கொள் என்றார்கள். சிலரிடம், ஏழு அமர்வும் முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிப்பதை இலக்காக வைத்துக்கொள் என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றேதான். ஆனால் ஆறு பக்கக் குழந்தைகள் மற்ற எல்லாரையும்விட நன்றாகக் கற்றார்கள். அவர்களுக்குத்தான் நம்பிக்கை வளர்ந்தது. கணக்கின் மேலேயே ஆசை வந்தது. 42 பக்கக் குழந்தைகளுக்கு இலக்கு இருந்தும் பிரயோஜனமில்லை. இலக்கே இல்லாதவர்களைவிட அவர்கள் ஒன்றும் மேலாக வரவில்லை.

நம் அகங்களில் ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி. என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறோமே, அதுதான் 42 பக்க இலக்கு. ஆறு வருஷம் நடந்தாலும் குழந்தையின் கண்ணுக்கு அது கிட்ட வருவதே இல்லை. ஒவ்வொரு நாளும், இன்னும் வந்து சேரவில்லை என்ற ஒரே சேதிதான் அதற்குக் கிடைக்கிறது.

நான் வேலை பார்த்த இடத்தில் இலக்கு என்றால் டெபாஸிட் டார்கெட். மார்ச் 31 அன்று கடன்பட்டவர், சொந்தக்காரர் எல்லாரையும் கெஞ்சி ஒரு நாளைக்குப் பணம் போடச் சொல்லி, ஏப்ரல் 2-ஆம் தேதி திருப்பிக் கொடுப்போம். டார்கெட் வந்துவிடும், டெபாஸிட் வராது. அதற்காக, கடினமான இலக்கே கூடாது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிக்காரர்கள் சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவிகிதம்தான் ஏற்றிவந்தார்கள். 'முடிந்ததைச் செய்யுங்கள்' என்பதை விட்டு, 94 சதவிகிதம் என்று திட்டமாகச் சொன்னதும் சில மாதங்களில் 90-ஐத் தாண்டினார்கள். கேரி லேத்தம் என்பவர் 1975-ல் வெளியிட்ட விவரம் இது. ஆனால் அந்த லாரிக்காரர்களுக்கு மரம் ஏற்ற ஏற்கெனவே தெரியும். தெரியாததைக் கற்றுக்கொள்ளும் குழந்தையின் நிலை வேறு.

நம் முன்னோர்களுக்கு இதெல்லாம் தெரியும் என்று மார்தட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் ஸங்கல்பம் செய்கிறோமே, அதில் என்ன இருக்கிறது? எந்த யுகம், எந்த த்வீபம், எந்த வருஷம், அயனம், ருது, மாதம், பக்ஷம், திதி, கிழமை, நக்ஷத்திரம் என்று காலத்தையும் இடத்தையும் சுருக்கிச் சுருக்கிக் கொண்டுவந்து, கடைசியில், இப்போது இதைச் செய்யப் போகிறேன் என்று முடிக்கிறோம். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரும் அவருடைய சகாவும் 1997-ல் மாணவர்களிடம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் 48 மணி நேரத்துக்குள் ஒரு கட்டுரை எழுதி அனுப்பும்படி கேட்டார்கள். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதப் போகிறேன் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் 71 சதவிகிதம் பேர் குறித்த நேரத்தில் எழுதினார்கள். குறிக்காதவர்களில் 32 சதவிகிதம்தான்.

ராமானுஜன் பெயரை நம் கூட்டங்களில் சொல்லாமல் இருப்பதில்லை. தெய்வ அருள், பிறவி மேதை என்று சொல்லிக் கைகூப்பிவிட்டுப் போய்விடுகிறோம். இருக்கட்டும். ஆனால் கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்தபோது, 1903 வாக்கில் அவர் கைக்குக் கார் என்பவர் எழுதிய கணிதப் புத்தகம் கிடைத்தது. ஏறக்குறைய 5,000 தேற்றங்கள். நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. அவர் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தானே நிரூபித்துப் பார்த்தார். தானே செய்து முடித்த அனுபவம் ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கில். மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவே இல்லை. அப்படியிருந்தும் 1913-ல், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், கேம்பிரிட்ஜில் ஹார்டிக்குத் தயங்காமல் கடிதம் எழுதினார். பரீட்சைத் தோல்வி அந்த நம்பிக்கையைத் தொடவில்லை.

என் பிள்ளை கதையை முடிக்கவில்லையே. விஷயம் தெரிந்த பிறகு நான் ஒரு மாதம் உபதேசம் செய்தேன். ஆத்துக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் காலை நோட்டுப் புத்தகம் ஒன்றை அவன் முன்னால் வைத்து, "காபிக்கு முன்னாடி ரெண்டு கணக்கு. ரெண்டுக்கு மேல போடப்படாது" என்றாள். போட்டால் ஒரு டிக். பந்துரா யாரென்று அவளுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. மூன்றாவது வாரம் அவனாகவே, "மூணு போடட்டுமாம்மா?" என்று கேட்டான். அந்தக் குரலை நான் சமையலறை வாசலில் நின்று கேட்டேன்.

இன்டர் தேறினான், இன்னும் இரண்டு முயற்சியில். ஃபைனலில் ஒரு குரூப்தான் முடிந்தது, பிறகு விட்டுவிட்டான். சி.ஏ. ஆகவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு அழகாக இருக்கும், ஆனால் நிஜமாக இருக்காது. ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறான், நன்றாகவே இருக்கிறான். எனக்குத் தெரியாமல் அவன் எதையும் மறைத்ததாக அதற்குப் பிறகு ஞாபகம் இல்லை.

அமெரிக்காவில் 12,000-க்கு மேற்பட்ட மாணவர்களிடம், முயற்சியால் மூளை வளரும் என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. பின்தங்கிய மாணவர்களின் சராசரி கிரேடு 0.1 புள்ளி உயர்ந்தது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு அவ்வளவுதான் கிடைக்கும். நான் அரை மணி பேசியிருக்கிறேன், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் பேத்தி ஒரு பின்னக் கணக்கைப் போட்டுக்கொண்டுவந்து நீட்டினாள். "அடடா, புத்திசா..." என்று வாய் வரை வந்துவிட்டது. பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தான். உடனே மாற்றி, "எப்படிப் போட்டே, தாத்தாவுக்குச் சொல்லு" என்றேன். அவள் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். காபி ஆறிப்போய்விட்டது.

பரிசு வாங்கும் குழந்தைகளை ரொம்ப நேரம் காக்க வைத்துவிட்டேன்.