உள்ளமும் இறாலும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நகை என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். அதற்கு உரை கண்ட பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுத்தார். பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளுமிடத்துத் தானும் நகுதல் மற்றொன்று. முன்னது எவர்க்கும் எளிது. பின்னதே அரிது. அந்த அரிய நகை ஏட்டில் மட்டும் இல்லை. ஒரு பெருநகரத்தின் தெருவிலும் மீன் சந்தையிலும் நூறாண்டாக வாழ்ந்து வருகிறது. அந்நகரம் கொல்கத்தா, அந்நகைக்கு வாய்த்த களம் கால்பந்து.

மோகன் பாகன் கழகம் 1889-இல் தோன்றியது. 1911-இல், ஒருவர் நீங்கலாக ஏனைய பதின்மரும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைக்கொண்டனர். ஆளப்படுவோர் ஆள்வோரை வென்ற அந்நாளில் வங்காளம் முழுவதும் ஒரே கட்சியாய் நின்றது. அந்த ஒருமை ஒன்பது ஆண்டுகளே நீடித்தது. 1920-இல் ஜோராபாகன் அணி, மோகன் பாகனுக்கு எதிரான ஆட்டத்தில் கிழக்கு வங்காள ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்க்காது விட்டது. அதனைத் தம் மண்ணுக்கு நேர்ந்த இழிவாகக் கருதி வெளியேறியோர், ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் ஈஸ்ட் பெங்கால் கழகத்தைத் தொடங்கினர். 1947-இல் நாடு பிரிந்தது. வீடும் வயலும் ஆறும் இழந்து வந்த இலட்சக்கணக்கானோர்க்கு அக்கழகத்தின் பெயரே தாயகத்தின் பெயராய் எஞ்சியது.

மேற்கு வங்காளத்தார் 'கோட்டி'. கிழக்கிலிருந்து வந்தோர் 'பாங்கால்'. கோட்டி என்றால் செம்பு. குழம்பிலும் சர்க்கரை இடுபவர் எனக் கோட்டியரைப் பாங்கால் எள்ளுவர். மிளகாயையும் பேச்சின் நாட்டுப்புற வாடையையும் சொல்லிப் பாங்காலைக் கோட்டியர் எள்ளுவர். பாங்கால் கட்சிக்கு மீன் 'இலிஷ்', அதாவது தமிழில் உள்ளம் எனப்படுவது. கோட்டிக் கட்சிக்கு இறால். ஈஸ்ட் பெங்கால் வென்ற மாலையில் உள்ளம் மீனின் விலை ஏறும். மோகன் பாகன் வென்றால் இறால் விலை ஏறும் என்பது ஊரறிந்த பேச்சு. வென்றவர் மீனை உயர்த்திப் பிடித்துத் தோற்றவர் முன்னே நடப்பர். மறுநாள் அவ்விருவரும் ஒரே கடையில் தேநீர் அருந்துவர். முக்கூடற்பள்ளில் மூத்தபள்ளியும் இளையபள்ளியும் ஒருவர் தெய்வத்தை மற்றவர் ஏசிப் பின் கூடுவதைக் கற்றவர்க்கு இது புதிதன்று.

1997-ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இரு கழகங்களும் மோதின. சால்ட் லேக் அரங்கில் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கூடினர். மோகன் பாகனின் பயிற்சியாளர் அமல் தத்தா எதிரணியினர்க்குப் பட்டப்பெயர் சூட்டினார்: பாய்ச்சுங் பூட்டியா 'சுங்சுங்', ஒமோலோ 'ஆம்லெட்', சோசோ 'வெள்ளரிக்காய்'. ஊரே நகைத்தது. எள்ளப்பட்ட பூட்டியா தம் மறுமொழியைக் காலால் சொன்னார். மூன்று கோல்கள் அவருடையவை. ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது.

இந்தப் பெருமிதத்தினுள் மற்றொரு நகையும் உண்டு. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈஸ்ட் பெங்காலின் புகழைத் தாங்கிய முன்னணி ஐவரைப் 'பஞ்சபாண்டவர்' என அழைத்தனர். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய அவ்வைவரும் தென்னாட்டவர். கிழக்கு வங்காளத்தின் மானத்தைக் காத்தவர் ஒருவரும் வங்காளத்தில் பிறந்தவரல்லர்!

எனினும் எள்ளலுக்கு ஓர் எல்லை உண்டு. அது மீறப்பட்ட நாள்களும் உண்டு. 1975-இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என வென்றது. அத்தோல்வியைப் பொறாத மோகன் பாகன் அன்பர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் ஆட்டத்தினிடையே எழுந்த கலவரத்தில் பதினாறு பேர் மாண்டனர். ஆட்டம் காண வந்தவர் வீடு திரும்பவில்லை. அந்நாளில் ஆண்டுதோறும் குருதிக்கொடை நிகழ்கிறது. சிந்திய குருதிக்கு வழங்கும் குருதியே அந்நகரம் கண்ட கழுவாய்.

உணவை எள்ளலாம், பேச்சை எள்ளலாம், தோல்வியை எள்ளலாம். இழந்த வீட்டை எள்ளலாகாது. 'முள்வேலி தாண்டி வந்தவர்' என்னும் சொல் அரங்கில் எழும்போது நகை நின்று விடுகிறது. 2020 ஜனவரியில், குடியுரிமைச் சட்டத்தைப் பற்றிய அச்சம் பரவியிருந்த காலத்தில், ஈஸ்ட் பெங்கால் அன்பர்கள் பதாகை ஒன்றை விரித்தனர். தம் மண் தாளால் பெற்றதன்று, குருதியால் பெற்றது என்பது அதன் பொருள். ஏளனத்திற்கு விடையாக வந்த அச்சொல்லில் ஏளனம் இல்லை.

2024 ஆகஸ்டில் அந்நகரின் அரசு மருத்துவமனை ஒன்றில் இளம்பெண் மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். 18-ஆம் நாள் நிகழவிருந்த இரு கழகங்களின் ஆட்டம் பாதுகாப்புக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லாத அந்நாளிலும் அன்பர்கள் அரங்கின் வாயிலுக்கு வந்தனர். செம்பொன் கொடியும் பச்சை அரக்குக் கொடியும் அருகருகே நின்றன. மற்றொரு பழங்கழகமாகிய முகமதன் ஸ்போர்ட்டிங் அன்பர்களும் உடன் சேர்ந்தனர். அப்பெண்ணுக்கு நீதி வேண்டும் என ஒரே குரலில் முழங்கினர். காவலர் தடியடியையும் ஒன்றாய்த் தாங்கினர்.

நூறாண்டாக ஒருவரை ஒருவர் எள்ளியவர் அவ்வாறு ஒன்றாய் நின்றது எவ்வாறு? எள்ளுதற்கு நெருங்கியிருத்தல் வேண்டும். எதிரியின் அடுக்களையில் என்ன வேகிறது என்பதை அறிந்தவனே அதனை எள்ள முடியும். அறியாதவனிடம் இருப்பது வெறுப்பு ஒன்றே. பாவலர் நிறைந்த இவ்வவையிலும் கட்சிகள் உண்டு. மரபென்றும் புதிதென்றும் ஒருவர் கவிதையை மற்றவர் எள்ளுவதும் உண்டு. எள்ளல் வளர்க. எள்ளப்படும்போது நகும் ஆற்றலும் உடன் வளர்க. அதுவே பேராசிரியர் காட்டிய இரண்டாம் நகை. ஓர் அமைப்பைப் பத்தாண்டுக்கு அப்பாலும் வாழ வைப்பது அந்நகையே.