அம்மா படித்த எண்

(பெங்களூரில் தமிழ் கற்போர் மையம் ஒன்றில் ஒரு தொண்டர் பேசியது)

இன்று நான் பாடம் நடத்த வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது. மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக் கணினி. பழையது. தங்கையின் கல்லூரிப் படிப்புக்காக அம்மா சீட்டு எடுத்து வாங்கினார். அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். இதே மையத்தில்தான் எழுத்துப் படித்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு கரண்ட் போனது. லேப்டாப் சார்ஜில் இருந்தது. அம்மா மெழுகுவத்தி தேடி எழுந்தார். இருட்டில் சார்ஜர் ஒயர் காலில் மாட்டியது. லேப்டாப் கீழே விழுந்தது.

திரை உடையவில்லை. ஆனால் சார்ஜ் ஏறவில்லை. பின்னை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் ஏறும். கையை எடுத்தால் நின்றுவிடும். பத்து நாளில் தங்கை கல்லூரியில் பிராஜக்ட் கொடுக்க வேண்டும். எழுதியது எல்லாம் அதற்குள்ளே இருந்தது.

ஒரு கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "போர்டு போயிடுச்சு. ஏழாயிரம் ஆகும்" என்றார்.

அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. "என் காலால வந்த வினை" என்று அழுதார்.

போர்டு என்பது உள்ளே இருக்கும் பெரிய தகடு. எல்லா வேலையும் அதில்தான் நடக்கிறது. அது போனால் செலவு அதிகம். ஆனால் போனது அதுதானா?

யோசித்துப் பாருங்கள். வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை. உடனே தொட்டியை இடிப்போமா? முதலில் குழாயைத்தானே பார்ப்போம்? நாங்களும் அப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் சுவர். அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகினோம். போன் சார்ஜ் ஏறியது. சுவரில் குறை இல்லை.

அடுத்து சார்ஜர். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் ஒரு சார்ஜர் இருந்தது. அதை அப்படியே செருகிவிடக் கூடாது. சார்ஜர் டப்பாவின் மேல் எண்கள் இருக்கும். அவற்றைப் படிக்க வேண்டும். அம்மாவிடம் கொடுத்தேன்.

"இருநூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கு" என்றார்.

"அது சுவரிலிருந்து வருவதும்மா. லேப்டாப்புக்குப் போவது கீழே இருக்கும்."

அம்மா விரல் வைத்துப் படித்தார். "பத்தொன்பது புள்ளி அஞ்சு." அது வோல்ட். மின்சாரத்தின் அழுத்தம். இரண்டு சார்ஜரிலும் இந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்தது ஆம்பியர். எவ்வளவு மின்சாரம் தர முடியும் என்பதைச் சொல்லும் எண். அது சமமாக இருக்கலாம், கூடலாம். குறையக் கூடாது. செருகும் முனையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தது. செருகினோம். அதே கதைதான். கையை எடுத்தால் நின்றது. ஆகவே எங்கள் சார்ஜரிலும் குறை இல்லை.

மிச்சம் இருப்பது பின் செருகும் ஓட்டை. அதை ஜாக் என்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தோம். நடுவில் இருக்கும் ஊசி ஆடியது.

ஜாக்கில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்தது. அதை மாற்றத் தேர்ந்த கை வேண்டும். வீட்டில் செய்யக் கூடாது. மற்றது, சின்ன ஒயரின் முனையில் இருப்பது. ஒயரின் மறு முனையைப் போர்டில் செருகியிருப்பார்கள். அதைக் கழற்றி மாட்டினால் போதும். எங்கள் லேப்டாப்பின் அடியில் இருந்த மாடல் எண்ணைப் போனில் தேடினோம். அதைத் திறக்கும் வீடியோ கிடைத்தது. எங்களுடையது ஒயர் ஜாக்.

நான் ஒரு செல்போன் கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவள். திருப்புளி பிடிக்கத் தெரியும். வாரண்டி முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டேன். வாரண்டி இருந்தால் நாமாகத் திறக்கக் கூடாது.

லேப்டாப்பை முழுதாக அணைத்தோம். சார்ஜரை எடுத்தோம். திருகுகளைக் கழற்றினோம். இரண்டு திருகுகள் ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து, எந்த இடத்துத் திருகோ அந்த இடத்தில் வைத்தோம். மூடியை இரும்பால் நெம்பவில்லை. பழைய பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல விடுவித்தோம்.

திறந்ததும் முதல் வேலை, பேட்டரி ஒயரைக் கழற்றுவது. பேட்டரியைக் குத்தக் கூடாது, வளைக்கக் கூடாது. தீப்பிடிக்கும். பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டு போக வேண்டும். சார்ஜர் டப்பாவை எந்த நாளும் உடைத்துத் திறக்கக் கூடாது.

பிறகு ஜாக்கை வெளியே எடுத்தோம். அதன் பிளாஸ்டிக் விரிந்து போயிருந்தது. போர்டில் கருகிய தடம் எதுவும் இல்லை. அம்மா அதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஒயரில் சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் பாகத்தின் எண். மறுநாள் இருவரும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். மின்சாமான் கடைகள் நிறைந்த தெரு அது. ஒரு கடைக்காரர் பார்த்தவுடன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தது. நான் பணத்தை எடுத்துவிட்டேன்.

"இரு" என்றார் அம்மா. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். "நம்மது கடைசியில 8. இதுல 3."

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். "ஆமாம்மா, இது வேற மாடல். ஒயரோட முனை சேராது" என்று சரியானதை எடுத்துத் தந்தார். விலை 350 ரூபாய்.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். பேட்டரி ஒயரைச் செருகினோம். திருகுகளைப் பூட்டினோம். சார்ஜரைச் செருகிவிட்டுக் கையை எடுத்தேன். சின்ன விளக்கு எரிந்தது. அணையவில்லை. அன்று அம்மா இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். தங்கை பிராஜக்டை நாள் தவறாமல் கொடுத்தாள்.

எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுபவர் இல்லை. எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் தவறை ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தார். எல்லா ரிப்பேரும் வீட்டில் ஆகக்கூடியதும் இல்லை. கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் போங்கள். ஆனால் கேளுங்கள். எந்தப் பாகம் போனது? திறந்து காட்டுவீர்களா? பழைய பாகத்தைத் தருவீர்களா? பில் உண்டா? ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

கேட்கத் தைரியம் எங்கிருந்து வரும்? படித்துப் பார்ப்பதிலிருந்து வரும். இரண்டு வருடம் முன்பு அம்மாவுக்கு 8 தெரியாது, 3 தெரியாது.

இன்று வீட்டுக்குப் போய் ஒரு சார்ஜரை எடுங்கள். அதில் உள்ள எண்களைப் பார்த்து நோட்டில் எழுதி வாருங்கள். நாளை எல்லோரும் சேர்ந்து படிப்போம்.