நேரான பதில்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றி கிளினிக்கில் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். அங்கே யாரும் வாய் திறந்து கேட்காத ஒன்றை இன்று பேசுகிறேன். ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்மீது காதல் வருவது பற்றியது அது.

வைத்தியராக முதலில் சொல்ல வேண்டியது, இது நோயல்ல என்பது. அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 1973இலும், உலக சுகாதார அமைப்பு 1990இலும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. நோயே இல்லாதபோது மருந்தும் இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்குச் சென்று பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இதைச் சிகிச்சையால் மாற்ற முயல்வதற்கே தடை விதித்தார். விளங்காததை விளங்கிக்கொள்ள, அவர் முதலில் ஓர் உளவியலாளரிடம் போய் அமர்ந்து கேட்டார்.

நம் நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முதலில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இதை எதிர்த்து ரோசன்னா ஃபிளேமர் கல்தேரா செய்த முறைப்பாட்டில், பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022இல் அவர் பக்கம் நின்றது. இப்பிரிவை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நமது உயர் நீதிமன்றமும் 2023இல் கூறியது. ஆயினும் அந்தத் தீர்ப்போடு சட்டம் மாறிவிடவில்லை. அச்சட்டம் பேசுவது செயலைப் பற்றி. தான் யார் என்று ஒருத்தி சொல்வதை அது தடுக்கவில்லை.

ஆகவே சொல்கிறேன். "ஏன் பிள்ளை இன்னும் கலியாணம் செய்யவில்லை?" என்று இந்த மண்டபத்திலேயே பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், அன்போடுதான் கேட்டீர்கள். நேரான பதில் இதுதான்: நான் தன்பாலீர்ப்புள்ள பெண். பல ஆண்டுகளாக ஒரு தோழியோடு குடும்பமாக வாழ்கிறேன். அம்மாவுக்குத் தெரியும். அம்மா வரும்போது கருவாடு இரண்டு பொதியாகக் கட்டிக்கொண்டு வருவார், எனக்கொன்று, அவளுக்கொன்று.

உடப்பு, கற்பிட்டி, சிலாபம் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஒரே வாங்கிலிருந்து படித்தோம். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகிறவர்கள் நாம். சமயம் பற்றி உங்களுக்கு உறுதியான கருத்து இருக்கும், அதை மாற்ற நான் வரவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை உயிரோடும் நிம்மதியோடும் இருக்க வேண்டும் என்பதே என் கவலை. மறைத்து வாழ்கிறவளுக்குத் தூக்கம் கெடுகிறது, பசி கெடுகிறது. வயிற்றுவலி என்று வருவாள், உண்மையைச் சொல்ல மாட்டாள். விருப்பமில்லாத கலியாணத்துக்குள் தள்ளினால், அந்த மாப்பிள்ளைப் பையனின் வாழ்க்கையும் சேர்ந்து கெடும்.

தங்கைமாரே, எல்லோரும் நாளைக்கே வெளியே சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நிலை இருந்தால் பொறுத்திருங்கள். படிப்பை முடியுங்கள், கையில் ஒரு தொழிலை எடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொன்னாலும் பாரம் பாதி குறையும். உங்களுக்கு நீங்களே பொய் சொல்லாமலிருப்பதுதான் முதல் படி.

தாய்மாரே, மகள் வந்து சொன்னால் மந்திரிக்கவோ அவசரக் கலியாணம் பேசவோ ஓடாதீர்கள். அவளுக்குச் சோறு போட்டுப் பக்கத்தில் இருங்கள். உங்களுக்கு விளங்கக் காலம் எடுக்கலாம், அதையும் அவளிடம் சொல்லுங்கள். ஆசிரியர்களே, வகுப்பில் ஒரு பிள்ளையைக் கேலி செய்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

இன்று வீட்டுக்குப் போகும் வழியில் என்னைப் பற்றிப் பேசுவீர்கள். தாராளமாகப் பேசுங்கள். பக்கத்தில் மகளோ பேத்தியோ இருந்தால், அவள் காதில் விழும்படி ஒரு நல்ல வார்த்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று அவள் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.