பாட்டி மடியா, கார் சீட்டா?



பிரசவம் முடிந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளை நினைச்சுப் பாருங்க. துணிமணி, தொட்டில், ஆரத்தித் தட்டு என எல்லாமே தயாராக இருக்கும். "சரி, காரில் குழந்தை எங்கே உட்காரும்?" என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான்: "பாட்டி மடியில வெச்சுக்குவாங்க."

அந்த மடியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலோ மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, சுமார் 140 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். பாட்டி என்ன, பயில்வானாலும் முடியாது. பிடி நழுவினால், குழந்தைக்கு அது மூன்று மாடி உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். ஒரே பெல்ட்டைப் பெரியவருக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போடுவதும் ஆபத்து. பெரியவரின் எடை முழுவதும் குழந்தையை நசுக்கிவிடும்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 194-பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணித்தால், வண்டி ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தைக் கட்டிவிடலாம். குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால்?

அப்படியானால் என்ன செய்யலாம்?

கைக்குழந்தைக்கு, காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி பொருத்தும் இருக்கை வேண்டும். மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றையும் அது சேர்த்துத் தாங்கும். 15 மாதம் வரையாவது இப்படித்தான் உட்கார வேண்டும். அதற்கு மேலும் தொடர்ந்தால் இன்னும் நல்லது. அடுத்து, முன்பக்கம் பார்க்கும் இருக்கை. அதுவும் சிறிதாகிவிட்டால் பூஸ்டர் சீட். பெல்ட் கழுத்தில் உரசாமல் தோள் மேலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பு மேலும் படிந்தால்தான் பெரியவர்கள் பெல்ட் மட்டும் போதும். வயதைவிட உயரம்தான் இதில் கணக்கு.

எந்த இருக்கையாக இருந்தாலும் பின் சீட்டில் வையுங்க. முன் சீட்டில் ஏர்பேக் இருக்கும் இடத்தில், பின்பக்கம் பார்க்கும் இருக்கையை வைக்கவே கூடாது. விரியும் ஏர்பேக் அடிக்கும் அடியே குழந்தையின் உயிரைப் பறித்துவிடும். சன்ரூஃப் வழியாகத் தலையை நீட்டி நிற்க விடுவதும் வேண்டாம்.

"பக்கத்துக் கடைக்குத்தானே" என்பீங்க. விபத்து தூரம் பார்த்து வருவதில்லை. "உட்கார வெச்சா அழறான்" என்பீங்க. முதல் நாளில் இருந்தே பழக்கினால், அதுதான் தன் இடம் என்று குழந்தை நினைக்கும். "விலை அதிகம்" என்பதும் நியாயமான கவலைதான். வளைகாப்புக்கு என்ன சீர் செய்யலாம் என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம், வெள்ளிக் கிண்ணத்துக்குப் பதில் கார் சீட் கேளுங்க. பழையதை வாங்கினால், விபத்தில் சிக்கிய காரில் இருந்ததா என்று விசாரித்து, அப்படியென்றால் விட்டுவிடுங்க.

வண்டி நின்ற பிறகும் ஒரு கவனம் தேவை. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிவிடும். "ரெண்டு நிமிஷம்தானே" என்று குழந்தையை உள்ளே விட்டுப் போகாதீங்க. இறங்கும்போது பின் சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்ப்பதை வழக்கமாக்குங்க.

பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மடியைவிடச் சுகமான இடம் பேரப்பிள்ளைக்குக் கிடையாது. ஆனால், வண்டி ஓடும்வரை பிள்ளை தன் சீட்டில் இருக்கட்டும். வீடு வந்ததும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொஞ்சிக்கோங்க.