இலக்கங்களில் வாழும் பெயர்கள்

ஓர் ஆட்டக்காரனுக்கு மூன்று பெயர்கள் உண்டு. உம்மாவும் வாப்பாவும் இட்டது ஒன்று. கூட்டாளிகள் இட்ட பட்டப்பெயர் மற்றொன்று. மைதானத்தில் இறங்கும்போது முதுகில் ஏறிக்கொள்ளும் இலக்கம் மூன்றாவது. முதலிரண்டும் ஊரெல்லைக்குள் நின்றுவிடுவன. மூன்றாவது பெயரோ, ஆட்டக்காரனை முன்பின் அறியாத ஒருவனும் கரையில் நின்று கூவி அழைக்கக்கூடியது. கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலும், மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கடற்கரைகளிலும் மாலைப்பொழுதில் பந்தடிக்கும் இளைஞர்கள், ஒன்பதாம் இலக்கத்துக்கும் பத்தாம் இலக்கத்துக்கும் போட்டியிடுவதன் காரணம் இதுவே.

இவ்வழக்கம் மிகப் பழமையானதன்று. இங்கிலாந்தின் உதைபந்தாட்டத்தில் 1928ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் திகதிதான் ஆர்சனல், செல்சீ ஆகிய கழகங்களின் வீரர்கள் முதுகில் இலக்கம் தரித்து ஆடினர். 1933ஆம் ஆண்டு அந்நாட்டுக் கிண்ண இறுதி ஆட்டத்தில் எவர்ட்டன் கழகத்தார் 1 முதல் 11 வரையும், மான்செஸ்டர் சிட்டி கழகத்தார் 12 முதல் 22 வரையும் அணிந்தனர். பார்ப்போர் இன்னார் இவர் என்று அறிந்துகொள்ளவே இந்த ஏற்பாடு. மந்தையில் ஆட்டுக்கு இடும் குறிபோலத் தொடங்கிய ஒன்று, காலப்போக்கில் பட்டமாகவும் சொத்தாகவும் மாறியது. அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய அமெரிக்காவின் ஒரு சிறிய ஊரை நோக்குதல் தகும்.

விஸ்கொன்சின் மாநிலத்திலே கிறீன் பே என்பது அவ்வூரின் பெயர். பெரிய ஏரியொன்றின் கரையில் உள்ளது. குளிர்காலத்தில் உறைபனி மூடுவது. அங்கு வாழ்வோர் தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம். கல்முனை மாநகர எல்லைக்குள் வாழும் மக்கள் தொகையும் ஏறத்தாழ அதுவேயாகும். நியூயோர்க், சிக்காகோ முதலிய மாநகரங்களின் அணிகளோடு சரிநிகராக நின்று ஆடும் தொழில்முறை அணியொன்றை அவ்வூர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பேணி வருகின்றது.

அவர்கள் ஆடுவது அமெரிக்கக் காற்பந்து. நேயர்கள் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. பந்து இருமுனையும் கூர்த்த நீள்வட்ட வடிவினது. பெரும்பாலும் கையால் ஏந்தியும் எறிந்தும் ஆடப்படுவது. பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை உடைய அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணியைச் சேரும். தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்து முகம் மறைய ஆடும் ஆட்டமாதலின், அங்கே இலக்கமே வீரனின் முகமாகிறது.

அணியைக் கேர்லி லம்போ என்னும் இளைஞரும் ஜோர்ஜ் கல்ஹூன் என்னும் பத்திரிகையாளரும் 1919இல் அமைத்தனர். சீருடைக்கான பணத்தை, இறைச்சியைத் தகரத்தில் அடைத்து விற்கும் கம்பனி ஒன்று உதவியது. அதனால் “பக்கர்ஸ்”, அதாவது பொதிசெய்வோர் என்ற பெயர் அணிக்கு ஒட்டிக்கொண்டது. 1923இல் ஊரார் பங்கு வாங்கி அணியைத் தமது பொதுச் சொத்தாக்கினர். இன்று பங்காளர்கள் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோர். அப்பங்குக்கு இலாபம் கிடையாது. தம் ஊர் அணி வேறூருக்கு விலைபோகாது என்ற நிம்மதியே அவர்கள் பெறும் ஊதியம்.

அத்தகைய அணி தன் வீரருள் மிகச் சிலரின் இலக்கங்களை மட்டும் ஓய்வுபெறச் செய்துள்ளது. ஓய்வு பெற்ற இலக்கத்தைப் பின்வரும் எவரும் அணிதல் கூடாது. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் இப்பேறு பெற்றவை ஆறே இலக்கங்கள்: 3, 4, 14, 15, 66, 92.

முதலில் ஓய்வு பெற்றது 14ஆம் இலக்கம். அதற்குரியவர் டொன் ஹட்சன். 1935 முதல் 1945 வரை பதினொரு பருவங்கள் ஆடிய இவர், எறியப்பட்ட பந்தை ஓடிச்சென்று பற்றும் கலைக்கு இலக்கணம் வகுத்தவர். 1945இல் டெட்ரோயிட் அணிக்கெதிராக ஆட்டத்தின் ஒரே காற்பகுதியில் தனியொருவராக 29 புள்ளிகள் ஈட்டினார். அவர் பற்றி எல்லை கடந்த 99 பந்துகள் என்ற சாதனை 1989 வரை எவராலும் முறியடிக்கப்படவில்லை. 1951இல் அணி அவருடைய இலக்கத்தை எடுத்து வைத்தது.

அடுத்தது 3ஆம் இலக்கம். டோனி கனடியோ அணிந்தது. இவருடைய கதை வேறு வகையானது. போருக்குச் சென்று மீண்டு வந்து, 1949ஆம் பருவத்தில் பந்தை ஏந்தி ஓடி 1,052 யார் தூரம் கடந்தார். ஆயிரம் யார் கடந்த முதலாவது கிறீன் பே வீரர் இவரே. ஆனால் அந்தப் பருவத்தில் அணி ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களில் வென்றவை இரண்டு மட்டுமே. தோல்வியின் மத்தியில் தளராது ஓடிய ஒருவரை ஊரார் மறவாது மதித்தனர். 1952இல் அவர் ஆட்டத்தை விட்டபோது இலக்கமும் அவரோடு ஓய்வு கொண்டது. வெற்றிக் கிண்ணத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருப்பின் கனடியோவின் பெயர் அழிந்திருக்கும்.

15ஆம் இலக்கத்துக்குரிய பார்ட் ஸ்டார், 1956இல் வீரர் தெரிவின்போது இருநூறாவதாக எடுக்கப்பட்டவர். அவரிடம் பெரிதாக எதையும் எவரும் எதிர்பார்க்கவில்லை. வின்ஸ் லொம்பார்டி என்னும் பயிற்றுநரின் கீழ் அவர் அணியை நடத்தி, 1961, 1962, 1965, 1966, 1967 ஆகிய ஐந்து பருவங்களிலும் தேசிய வாகை சூடச் செய்தார். 1967 டிசம்பர் 31ஆம் திகதி டலஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை. நடுவரின் ஊதுகுழல் உறைந்து, வாயால் கூவியே ஆட்டம் நடத்தப்பட்டது. முடிவதற்குப் பதினாறு நொடிகள் இருக்கையில் அணி மூன்று புள்ளிகள் பின்னே நின்றது. ஸ்டார் பந்தைப் பிறரிடம் கொடாது தாமே தாங்கி, வீழ்ந்து கிடந்தோரிடையே எல்லைக் கோட்டைக் கடந்தார். 21க்கு 17 என்று கிறீன் பே வென்றது.

அதே காலத்தில் எதிரணியைத் தடுத்து நிறுத்தும் பணியில் நின்றவர் 66ஆம் இலக்கத்து ரே நிட்ஷ்கே. மூன்று வயதில் தந்தையையும் பதின்மூன்று வயதில் தாயையும் இழந்து, தமையன்மாரால் வளர்க்கப்பட்டவர். மைதானத்தில் அவரைக் கண்டு நடுங்காதார் இல்லை. வெளியிலோ மூக்குக் கண்ணாடி அணிந்த சாது. 1958 முதல் 1972 வரை ஆடினார். 1983இல் அவருடைய இலக்கம் ஓய்வு பெற்றது.

4ஆம் இலக்கம் ஊராரின் மனத்தைச் சோதித்த இலக்கம். பிரெட் ஃபாவ் 1992இல் அணிக்கு வந்தார். காயமோ காய்ச்சலோ எதுவாயினும் ஆட்டத்தைத் தவறவிடாதவர். தொழில்வாழ்வில் தொடர்ச்சியாக 297 ஆட்டங்களைத் தொடங்கியவர் என்பது அவர் புகழ். 2008இல் மனக்கசப்போடு பிரிந்து நியூயோர்க் சென்றார். அதற்கடுத்த ஆண்டில் பரம எதிரியான மினசோட்டா அணியின் சீருடையையே தரித்தார். ஒருகாலத்தில் அவரைக் கொண்டாடிய மைதானமே அவரைக் கண்டு கூச்சலிட்டது. எனினும் 2015இல் ஊர் அவரை மீண்டும் அழைத்து, அவருடைய இலக்கத்தை உயர்த்தி வைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த விழாவுக்கு, நோயால் தளர்ந்திருந்த முதியவர் பார்ட் ஸ்டாரும் வந்திருந்தார். பதினைந்தும் நான்கும் ஒருங்கே நிற்கக் கண்ட மக்கள் கண்ணீர் மல்க ஆர்ப்பரித்தனர்.

எஞ்சியது 92. அது ரெஜி வைற் என்னும் கறுப்பின வீரருடையது. கிறிஸ்தவ போதகராகவும் விளங்கியவர். 1993இல் அவர் கிறீன் பேயைத் தேர்ந்தபோது நாடே வியந்தது. அந்தச் சிற்றூருக்குப் பெருவீரர் விரும்பிச் செல்வது அரிதாக இருந்த காலம் அது. 1997 ஜனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் எதிரணித் தலைவரை அவர் மூன்று முறை வீழ்த்த, ஏறத்தாழ முப்பதாண்டு இடைவெளிக்குப் பின் அணி வாகை சூடியது. அவர் நாற்பத்து மூன்று வயதிலேயே திடீரென இறந்தார். அடுத்த ஆண்டில் 92 ஓய்வு பெற்றது.

அவர் இறந்த நாள் 2004 டிசம்பர் 26. அந்த நாளை அம்பாறைக் கரையோர மக்களுக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் கடல் எழுந்து, மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை கரையை அழித்த நாள் அது. இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் உயிரிழந்தோர் பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர். உலகின் ஒரு கோடியில் ஒரு வீரர் இறந்தார். அவருடைய இலக்கம் மைதானத்துச் சுவரில் இன்றும் நிற்கின்றது. இந்தக் கோடியில் அதே நாளில் கடல் கொண்டவர்களுள் பந்தடித்தவர்களும் இருந்தனர். கரையில் நின்று அவர்களை இலக்கம் சொல்லி அழைத்தவர்களும் இருந்தனர். வீடுகளோடு நிழற்படங்களும், பெட்டகத்தில் மடித்து வைத்த பழைய சீருடைகளும் கடலோடு போயின. அவர்களுள் எவர் எந்த ஆண்டில் எந்த இலக்கம் அணிந்து ஆடினர் என்பதைச் சொல்ல வல்லவர்கள் முதியோர் சிலரே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கிறீன் பே கோடிக்கணக்கான பணம் புரளும் அணி. கரைவலை இழுத்தும், வயல் செய்தும், தறி நெய்தும் வாழும் ஊர்களுக்கு அதனோடு என்ன ஒப்பு? ஒப்பு பணத்தில் இல்லை. கணக்கு வைக்கும் பழக்கத்திலேயே உள்ளது. கிழக்குக் கரை முஸ்லிம்கள் தாய்வழி வரும் குடியின் பெயரைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் காத்தவர்கள். இன்னார் இன்ன குடியினர் என்று ஏடின்றியே சொல்லும் மூதாட்டிகள் வாழ்ந்த மண் இது. பிறப்பின் வழியை இவ்வளவு கருத்தாகக் காத்தவர்களுக்கு, ஆட்டத்தின் வழியையும் காத்தல் அரிதன்று.

கழகந்தோறும் ஒரு கொப்பி போதுமானது. இலக்கம், பெயர், ஆடிய ஆண்டுகள், நின்ற இடம் என நான்கு பத்திகள். முதியவர் ஒருவர் சொல்ல, பாடசாலை மாணவன் ஒருவன் எழுதலாம். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் கேட்டு ஒத்துப் பார்த்தல் வேண்டும். ஒவ்வாதவற்றை ஒவ்வாதவை என்றே குறித்தல் வேண்டும். எழுதியதன் பிரதி ஒன்றைக் கரைக்கு அப்பால், உள்ளூர் நூல்நிலையத்தில் வைத்தல் நன்று. இதன் காரணத்தை 2004ஆம் ஆண்டு கற்பித்துவிட்டது.

எழுதுங்கால் கோல் போட்டவரை மட்டும் எழுதிவிடலாகாது. கனடியோ தோற்ற அணியின் வீரர். நிட்ஷ்கே தடுத்து நின்றவர். முன்னின்று புகழ் பெற்றவனுக்குப் பின்னே, பந்தை வழங்கியவனும், கம்பங்களிடையே தனித்து நின்ற காவலனும், காத்திருந்தும் களமிறங்க வாய்ப்புப் பெறாதவனும் உளர்.

இலக்கங்களை ஓய்வுபெறச் செய்வதில் நிதானமும் வேண்டும். கிறீன் பேயின் போல் ஹோர்னங் 1960இல் ஒரே பருவத்தில் 176 புள்ளிகள் எடுத்தார். அந்தச் சாதனை 2006 வரை நிலைத்தது. அவருடைய 5ஆம் இலக்கம் ஓய்வு பெற்ற ஆறனுள் ஒன்றன்று. இலக்கங்கள் யாவும் சுவரில் ஏறிவிடின் வளரும் பிள்ளை அணிவதற்கு எது எஞ்சும்? வாப்பா அணிந்த ஒன்பதை மகன் அணிவதும் ஒரு மரியாதையே. அவ்வாறு அணியும் மகன், தனக்கு முன் அதை அணிந்தவர் எவரெவர் என்பதை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இங்கு வேண்டப்படுவது.

அடுத்த பெருநாள் ஆட்டத்துக்குச் சீருடை தைக்கக் கொடுக்கும் கழகங்கள், இலக்கங்களைத் துணியில் பதிக்கு முன்னர், அவ்விலக்கங்களை முன்பு அணிந்தோரின் பெயர்களைக் கொப்பியில் பதியுமாக. அவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்றும் அஸர் தொழுகை முடிந்து மைதான ஓரத்தில் வந்து அமர்கின்றனர்.